விக்கல் எடுக்கிற கார்

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் சார், உட்கார்ந்துகொள்கிறேன். சன்னல் பக்கம் நீங்களே இருங்கள், எனக்கு வேண்டாம். சன்னல் வழியாகப் பார்த்தால் என் கார் தெரியும். டீக்கடையை ஒட்டி, புளியமரத்தடியில், வெள்ளைக் கார். தெரிகிறதா? பார்க்க எவ்வளவு சாதுவாக நிற்கிறது பாருங்கள். அதைத்தான் இப்போது அடிவாரத்தில் பூட்டிவிட்டு, பட்டுவேட்டியோடு பஸ் ஏறியிருக்கிறேன்.

ஏற்காடு வரைக்கும்தானே நீங்களும்? நல்லது. காதில் அதை மாட்டாதீர்கள் சார். யாரிடமாவது சொல்லவில்லையென்றால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

என் பெயர் சதாசிவம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பாத்திரக்கடை. இன்று மேலே என் மகள் சுபாஷினிக்கு வளைகாப்பு. மாப்பிள்ளைக்கு ஒரு காபி எஸ்டேட்டில் மேனேஜர் வேலை, அங்கேயே வீடு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். உங்களுக்குத் தெரியாததா? அந்த விசேஷத்தில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை சொல்லுங்கள். வளையல் போடுவது பெண்கள். சந்தனம் பூசுவது பெண்கள். பாட்டுப் பாடுவது பெண்கள். நாம் வாசலில் நின்று வருகிறவர்களை 'வாங்க வாங்க' என்று சொல்லலாம், பந்தியில் தண்ணீர் பாட்டில் வைக்கலாம். அப்பன்காரனுக்கென்று இருப்பது ஒரே ஒரு வேலை. மகளைத் தன் காரில் ஏற்றி, அலுங்காமல் குலுங்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. அந்த ஒரு வேலைக்காகத்தான் சார் நான் இரண்டு கார் வாங்கினேன். அந்த ஒரு வேலைதான் இன்று கையை விட்டுப் போகப் பார்க்கிறது.

பாருங்கள், இந்த டிரைவர் கியர் போடுகிறார். உங்கள் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்ததா? அதுதான் சுபாவுக்கு ஆகாது. சின்ன வயசிலிருந்தே அப்படி. பள்ளிக்கூடத்தில் மேட்டூர் அணைக்குக் கூட்டிப் போனார்கள், அணையைப் பார்த்தாளோ இல்லையோ, பாலித்தீன் பையைத்தான் பார்த்துக்கொண்டு போய்வந்தாள். அப்படிப்பட்ட பெண்ணுக்கு மலைமேல் மாப்பிள்ளை அமைந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், கியர் மாறுவதே தெரியாத கார்தான் வாங்குவது என்று.

ஷோரூமில் ஒரு தம்பி சொன்னான், "சார், இது இரட்டைக் கிளட்ச். கியர் மாறுறதே உங்களுக்குத் தெரியாது."

இரட்டைக் கிளட்ச் என்றால் என்ன என்று தெரியுமா? சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன் நான், பந்தியை வைத்தே சொல்கிறேன். சாதாரண கியர் வண்டியில் பரிமாறுகிற ஆள் ஒருவன்தான். சாம்பார் ஊற்றிவிட்டு உள்ளே போய், வாளியை வைத்துவிட்டு, ரசத்தை எடுத்துக்கொண்டு வரவேண்டும். அதுவரைக்கும் நீங்கள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இடைவெளிதான் குலுக்கல். இரட்டைக் கிளட்சில் ஆள் இரண்டு பேர். ஒருவன் ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்களைப் பார்த்துக்கொள்வான். இன்னொருவன் இரண்டு, நான்கு, ஆறு. ஒருவன் சாம்பார் ஊற்றும்போதே மற்றவன் ரச வாளியோடு பின்னால் தயாராக நிற்பான். இவன் கரண்டியைத் தூக்க, அவன் கரண்டி இறங்கும். இடைவெளியே கிடையாது. புரிகிறதா?

நான் வாங்கினேன். கூடவே என் மச்சினன் தனபாலும் வாங்கினான். என் சம்சாரம் கோமளாவின் தம்பி. நான் எதை வாங்கினாலும் அவனும் வாங்குவான். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாள் பூஜை. என்னுடையது சிவப்பு, அவனுடையது சாம்பல் நிறம். நிறத்தைத் தவிர ஒரு திருகாணி வித்தியாசம் கிடையாது.

பெங்களூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அடடா! அதைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன். காலை அழுத்தினால் போதும், சட் சட்டென்று மாறுகிறது. தலை அசையவில்லை, டம்ளரில் தண்ணீர் வைத்தால் தளும்பாது. தொப்பூர் வரைக்கும் போய்த் திரும்பினேன், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சுபா இதில் தூங்கிக்கொண்டே வருவாள் என்று கோமளாவிடம் சொன்னேன்.

ஊருக்குள் வந்தபிறகுதான் அதன் சுயரூபம் தெரிந்தது. ஐந்து ரோடு சிக்னலில் நகர்ந்து நகர்ந்து போகவேண்டும் அல்லவா? விக்கல் எடுக்கிறது சார். ஹிக், ஹிக் என்று. குழந்தை அழுது முடித்தபிறகு தேம்புமே, அந்த மாதிரி. முதல் கியரில் ஒரு தேம்பல், இரண்டாவதில் ஒரு தேம்பல். மலை ஏறினால் கேட்கவே வேண்டாம், ஏதோ கருகுகிற வாசனை. முதல் தடவை சுபாவை அதில் கீழே இறக்கிக் கொண்டுவரப் போனேன். பாதி மலையில் ஜாம். கொஞ்சம் இறக்கம், நடுவில் ஒரு மேடு, அந்த மேட்டில் நின்று நின்று போனோம். சுபா வாயைப் பொத்திக்கொண்டு "அப்பா, நிறுத்துங்க" என்றாள். பிறகு ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டாள். கோமளா அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் காரைப் பார்த்தேன்.

சர்வீஸுக்கு விட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு "வண்டியில் குறை ஒன்றும் இல்லை சார்" என்றார்கள். மறுபடி விட்டேன். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள். "அப்படியென்றால் குறை யாரிடத்தில்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சாவியை என் கையில் கொடுத்தார்கள்.

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், தனபால் வண்டிக்கு விக்கலே இல்லை. அதே வண்டி சார்! அவன் சிக்னலுக்கு வந்தால், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போகிறது. "எப்படிடா?" என்றால், "தெரியலையே மாமா, அதுபாட்டுக்குப் போகுது" என்கிறான். எனக்குக் கெட்ட வண்டியைத் தள்ளிவிட்டு, அவனுக்கு நல்லதைக் கொடுத்திருக்கிறார்கள். வேறென்ன?

அவன்தான் சொன்னான், "வேணும்னா என் வண்டியை நீங்க எடுத்துக்கங்க மாமா. உங்களுத நான் ஓட்டிக்கிறேன்." நல்ல பையன்தான், குறை சொல்லக்கூடாது. மாற்றிக்கொண்டோம். சாம்பல் வண்டி எனக்கு, சிவப்பு அவனுக்கு.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சாம்பல் வண்டியும் விக்கல் எடுக்க ஆரம்பித்தது. அதே ஹிக், அதே கருகல் வாசனை. சரி, அந்த வண்டியின் நல்ல காலமும் முடிந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அடுத்தது கேளுங்கள். என்னை அந்தப் பாடு படுத்திய சிவப்பு வண்டியில், தனபால் என் மகளை ஏற்காட்டிலிருந்து தீபாவளிக்குக் கூட்டிவருகிறான். வாசலில் இறங்குகிறாள், கண்ணைத் தேய்த்துக்கொண்டு. "என்னம்மா, வாந்தியா?" என்று ஓடினேன். "இல்லப்பா, தூங்கிட்டேன்" என்கிறாள்.

தூங்கிவிட்டாளாம்! என் சிவப்பு வண்டியில்!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? "உண்மையைச் சொல்லுடா, கம்பெனியில யாரைப் பிடிச்சுக் கிளட்ச் மாத்தின?" என்று கேட்டேன். அம்மா மேல் சத்தியமாக ஒன்றும் மாற்றவில்லை என்கிறான். அவன் அம்மா எனக்கு மாமியார். அவர் முன்னாலேயே சத்தியம் செய்கிறான். நான் என்ன பேசமுடியும்?

அன்று ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே கோமளா சொன்னாள், "வண்டிய மாத்திட்டீங்க. மாறாம இருக்கறது எதுன்னு கொஞ்சம் யோசிங்க."

அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதில் விஷயம் இருக்கும். நானும் உட்கார்ந்து யோசித்தேன். வண்டி மாறிவிட்டது. ரோடு மாறவில்லை. ஆனால் ரோட்டை நான் என்ன செய்யமுடியும்? வேறு எது மாறவில்லை? அப்போதுதான் பொறி தட்டியது. பெட்ரோல் பங்க்! எப்போதும் ஒரே பங்க்கில்தான் போடுகிறேன். மறுநாளே பங்க்கை மாற்றினேன். கோமளாவிடம் சொன்னபோது, தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சரி என்றாள்.

அதிலும் சரியாகவில்லை.

அப்புறம்தான் இந்த வெள்ளைக் கார். இதுவும் இரட்டைக் கிளட்ச்தான், ஆனால் வேறு கம்பெனி, வேறு ரகம். முதலில் வாங்கினோமே, அது உலர்ந்த கிளட்ச். பரிமாறுகிற இரண்டு பேரையும் மே மாத வெயிலில் மொட்டை மாடியில் நிற்கவைத்த மாதிரி. காற்று அடித்தால்தான் ஆறும். இந்த வெள்ளையில் கிளட்ச் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். நிழலில் நின்று பரிமாறுகிற மாதிரி. சீக்கிரம் சூடாகாது.

இரண்டையும் ஓட்டினவன் என்பதால் சொல்கிறேன், காலுக்கு வித்தியாசம் தெரியும். உலர்ந்தது துடியானது. நினைத்தால் பாயும். கியர் மாறுவது கையைத் தட்டுவதுபோலச் சுருக்கென்று இருக்கும். எண்ணெயில் ஊறினது சாவகாசமானது. காலை அழுத்தினால் 'போகலாமா' என்று ஒரு கணம் கேட்டுவிட்டுத்தான் கிளம்பும். ஆனால் கிளம்பினால் வழவழவென்று போகும். ஆள் குறைந்த ரோட்டில் எனக்கு உலர்ந்ததுதான் பிடிக்கும். சுபாவுக்கு ஊறினதுதான் நல்லது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கெட்ட குணம் உண்டு. நீங்கள் வேகம் எடுக்கிறீர்கள், ரசக்காரன் தயாராக நிற்கிறான். திடீரென்று முன்னால் மாடு வருகிறது, காலை எடுக்கிறீர்கள். இப்போது ரசம் வேண்டாம், பழையபடி சாதம் வேண்டும். அந்த இடத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு முழிப்பார்கள். அந்த முழிப்பை எந்தக் கம்பெனியும் இன்னும் சரிசெய்யவில்லை.

என்ன கேட்டீர்கள்? மேட்டில் நிற்கும்போது காலை எங்கே வைப்பேன் என்றா?

நல்ல கேள்வி. உங்களுக்கும் ஓட்டத் தெரியும் போலிருக்கிறது. நான் நாமக்கல்லில் என் பெரியப்பா லாரியில் பழகினவன் சார். லைசென்ஸ் எடுக்கப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார். பிரேக்கைத் தொடவே இல்லை நான். கிளட்சில் பாதி, ஆக்சிலேட்டரில் பாதி, வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் உருளாமல், ஆணி அடித்த மாதிரி நின்றது. "யாருய்யா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை மேட்டில் நான் பிரேக்கைத் தொட்டது கிடையாது. இந்தக் கார்களில் கிளட்ச் மிதி இல்லை, அதனால் இன்னும் சுலபம். ஆக்சிலேட்டரை லேசாக, பூவை மிதிக்கிற மாதிரி மிதித்துக்கொண்டே இருப்பேன். எத்தனை நேரம் ஜாம் ஆனாலும் சரி, உள்ளே கிளட்ச் உரசிக்கொண்டே பிடித்துக்கொள்ளும், வண்டி அசையாது. பிரேக் போட்டு நிற்பதற்கு ஓட்டத் தெரியவேண்டுமா என்ன? அதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே.

தனபால் அப்படித்தான் செய்வான். மேட்டில் பிரேக்கை மிதித்துக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருப்பான். முன்வண்டி நகர்ந்தால் உடனே நகரமாட்டான். இடம் விட்டு, இடம் விட்டு, நல்ல இடைவெளி கிடைத்தபிறகு ஒரேயடியாகப் போவான். அதற்குள் அவன் முன்னால் ஒரு மினி பஸ்ஸே நுழைந்துவிடும்! நான் விடமாட்டேன். முன்வண்டி ஒரு சாண் நகர்ந்தால் நானும் ஒரு சாண். ஒரு விரல் நகர்ந்தால் ஒரு விரல். என் முன்னால் இதுவரை ஒருத்தன் நுழைந்ததில்லை.

ஏன் சார் சிரிக்கிறீர்கள்? தனபாலை நினைத்தால் எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

இன்றைக்குக் காலையில் என்ன நடந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். சீர்த் தட்டெல்லாம் ஏற்றிக்கொண்டு கோமளாவும் தனபாலும் சிவப்பு வண்டியில் விடியும்போதே கிளம்பிவிட்டார்கள். நான் கடையில் ஒரு கல்யாணப் பாத்திரத்தை அனுப்பிவிட்டு, வெள்ளையைத் துடைத்து, பின்சீட்டில் சுபாவுக்கு முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக் கிளம்பினேன். கோமளா காரில் ஏறும்போது, "நீங்க மெதுவா பஸ்ஸிலயே வாங்களேன்" என்றாள். பட்டுவேட்டி கசங்குமே என்ற அக்கறை இல்லை பாருங்கள்.

அடிவாரம் செக்போஸ்ட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அந்த இடம் மேடு. நான் என் வழக்கப்படி, பூவை மிதிக்கிற மாதிரி மிதித்துக்கொண்டு நின்றேன். நல்ல நேரம் நின்றிருப்பேன். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. அப்புறம் சிவப்பு. 'கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, வண்டியை நிறுத்தவும்' என்கிறது. எண்ணெயில் முங்கிக் கிடக்கிற கிளட்ச் சார்! அதுவும் சூடாகிவிட்டதாம்! பின்னால் இருந்த வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். டீக்கடைக்காரர் வந்து, "என்னண்ணே, கிளட்ச் வாசம் கடை வரைக்கும் அடிக்குது, வடை கருகிருச்சோன்னு பாத்தேன்" என்கிறார். நாலு பேர் தள்ளி மரத்தடியில் விட்டார்கள். மானம் போய்விட்டது.

இதுதான் என் ஆற்றாமை. இரண்டு கம்பெனி, மூன்று வண்டி, இரண்டு ரக கிளட்ச். அத்தனையும் என்னிடம் வரும்போது மட்டும் இப்படி. என் ராசி என்று வைத்துக்கொள்வதா?

பார்த்தீர்களா, இங்கேயும் ஜாம். பஸ் நின்றுவிட்டது. கவனித்தீர்களா, இந்த டிரைவரும் பிரேக்கைப் போட்டுக் காலை நீட்டிவிட்டார். முன்னால் இரண்டு கார் நிற்கிற இடம் காலி. யோவ், முன்னால போய்யா! கேட்கமாட்டார்.

நான் ஒரு முடிவோடு இருக்கிறேன். மேலே போனதும் சாப்பிட்டுவிட்டு, தனபாலிடம் சாவியைக் கேட்கப்போகிறேன். சிவப்பு வண்டி முதலில் என்னுடையதுதானே? என் பெண்ணை நான்தான் கீழே கொண்டுபோவேன். அவன் கொடுத்துவிடுவான். கோமளாதான் குறுக்கே நிற்பாள். நின்றால் நிற்கட்டும். கல்யாணத்தன்று சுபாவைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியபோதும் மாப்பிள்ளை வீட்டுக் காரில்தான் போனாள். இன்றைக்காவது...

ஒரு நிமிஷம் சார். போன். சுபாதான்.

"சொல்லும்மா... பஸ்ஸுலம்மா... இல்லம்மா, கார் அடிவாரத்துல நிக்குது. கொஞ்சம் சூடு... ஆமா, பஸ்ஸுலதான்... என்னது? ... நானா? ... அம்மா பக்கத்துல இருக்காளா? ... நீயே சொல்றியா? ... சரிம்மா. சரி. வளையல் போட்டாச்சா? ... சரி, வெச்சிடு, வந்துட்டேன்."

பஸ்ஸில் வருகிறேன் என்றதும் என்ன சொன்னாள் தெரியுமா? 'அப்பாடா' என்றாள். நான் பத்திரமாக வருகிறேன் என்று அவ்வளவு நிம்மதி. பெண்பிள்ளை பெண்பிள்ளைதான்.

அப்புறம் இன்னொன்று சொன்னாள். தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள், ஒரு வாய்.

"திரும்பிப் போறப்ப மாமா ஓட்டட்டும்ப்பா. அம்மா முன்னாடி உக்காரட்டும். நீங்க பின்னாடி என் பக்கத்துல உக்காருங்க. வளைவுல எல்லாம் எனக்குப் புடிச்சுக்க ஒரு கை வேணும்" என்கிறாள். "அம்மா சொல்லச் சொன்னாளா?" என்று கேட்டதற்கு, "இல்லப்பா, நானேதான். நீங்க ஓட்டினா எப்படி என் பக்கத்துல உக்கார முடியும்?" என்றாள்.

எனக்கு இது ஏன் தோன்றவே இல்லை சார்? ஓட்டுகிறவன் ரோட்டைத்தான் பார்க்கவேண்டும். மகள் அவனுக்குக் கண்ணாடியில் தெரிவாள், அதுவும் பாதி நெற்றியும் ஒரு கண்ணும். இத்தனை வருஷம் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். வண்டி ஓடும்போது அவள் முகம் முழுசாக எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்குத் தூங்கினால் என் தோளில்தான் தூங்கவேண்டும். அலுங்காமல் உட்கார்ந்திருப்பதற்கு நான் ஆயிற்று.

இறங்கலாமா? பேச்சில் ஜாம் விட்டதே தெரியவில்லை, நிறுத்தம் வந்துவிட்டது. கொஞ்சம் வழிவிடுங்கள். இதோ, திரும்பவும் அவள்தான் கூப்பிடுகிறாள்.

"வந்துட்டேம்மா, இறங்கறேன்... சரி, பின்னாடியே உக்காந்துக்கறேன். ஆனா ஒண்ணு. மேட்டுல பிரேக் தொடாம எப்படி நிறுத்தணும்னு மாமாவுக்கு நான் சொல்லிக்கிட்டே வருவேன். அத யாரும் தடுக்கக் கூடாது..."

சிரிக்கிறாள் சார், பக்கத்தில் கோமளாவும் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. "மேட்டப் பத்தியே பேச வேணாம்ப்பா. நடுவுல ஒண்ணு வரும், அதுல கண்ண மூடிக்கங்க. மத்தபடி வீடு வரைக்கும் இறக்கம்தான்" என்கிறாள்.

அதுவும் சரிதான். இறக்கத்துக்கு யார் ஓட்டினால் என்ன?